கொடைக்கானல் கோடை முகாமில் ஒரு மாத வேலை: போகலாமா?

கோத்தகிரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம், எங்கள் ஊர். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். செமஸ்டர் ஏப்ரல் 27ஆம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு ஜூன் நடு வரை லீவு.

எங்கள் துறை வாட்ஸப் குழுவில் ஒரு வேலை விளம்பரம் வந்தது. கொடைக்கானலில் பூம்பாறை தாண்டி, மன்னவனூர் போகிற வழியில் ஒரு கோடை முகாம். சென்னை, மதுரை, பெங்களூரிலிருந்து 8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் வந்து பன்னிரண்டு நாள் தங்குவார்களாம். மே மாதத்தில் இரண்டு பேட்ச். பிள்ளைகள் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளக் கல்லூரி மாணவர்களைத் தேடுகிறார்கள். அந்த வேலைக்குக் 'கவுன்சிலர்' என்று பெயர். அம்மாவுக்குக் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலரைத்தான் தெரியும், அதனால் 'முகாம் அக்கா' என்று சொல்லிப் புரியவைத்தேன். சாப்பாடு, தங்குமிடம் கொடுத்து இரண்டு பேட்சுக்கும் சேர்த்து 15,000 ரூபாய்.

எனக்குப் பணம் தேவை. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை அறிவிப்பார்கள் என்று மாதாமாதம் அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வருட ஹாஸ்டல் கட்டணத்தில் பாதியையாவது நானே கட்டிவிட்டால் அவர் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார். பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் பி.எட். சேர்ந்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. பிள்ளைகளோடு இருப்பது எனக்கு ஒத்துவருமா என்று இப்போதே தெரிந்தால் நல்லதுதானே. வீட்டில் படுகு மொழி பேசுவதால் கன்னடமும் ஓரளவு புரியும், பெங்களூர்ப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம்.

தயக்கம் எங்கே என்றால், போனில் பேசியவர் ஒரு கவுன்சிலருக்குப் பதினைந்து பிள்ளைகள் என்றார். அப்புறம், சேரும் நாளில் ப்ளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட வேண்டுமாம். வேலை முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். அம்மா, "ஊரார் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் தலையில்தானே வந்து விடியும்" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே கோத்தகிரியிலேயே இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. மே முதல் வாரத்திலிருந்து பத்து நாள், காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை. பிள்ளைகளை லாங்வுட் சோலைக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவது, படம் வரையவைப்பது மாதிரியான வேலை. 4,000 ரூபாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஹாஸ்டலில் என் ரூம்மேட்டோ, இதெல்லாம் வேண்டாம், அடுத்த வருடம் அமெரிக்காவில் முகாம் வேலைக்கு முயற்சி பண்ணலாம் என்கிறாள்.

இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்வதற்கு முன்னால் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

வத்தலக்குண்டான் எழுதியது:

தங்கச்சி, ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதே.

2016 சீசனில் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். இதே மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்கள். மே கடைசியில் சம்பளத்தில் தகராறு வந்து நான் வெளியே வந்தேன். மார்க் ஷீட் அவர்கள் பீரோவில். முதலாளி ஊரில் இல்லை, சாவி இல்லை என்று சொல்லிச் சொல்லி ஆகஸ்ட் வரை இழுத்தடித்தார்கள். அதற்குள் நான் சேர நினைத்த கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து போய், எனக்கு ஒரு வருடம் வீண். என் அப்பா நான்கு முறை மலையேறி அந்த விடுதி வாசலில் நின்றுவிட்டு வந்தார். அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நகல் கொடு. நகலின் குறுக்கே 'இன்ன முகாம் வேலைக்காக மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடு. நம்பிக்கை இல்லையென்றால் அவர்களே உன் கல்லூரித் துறைத்தலைவருக்குப் போன் செய்து விசாரிக்கட்டும். சம்பளம், வேலை நாட்கள், ஓய்வு நாள் மூன்றையும் எழுத்தில் கேள், மின்னஞ்சலில் வந்தாலும் போதும். முதல் பேட்ச் முடிந்ததும் பாதிப் பணம் கைக்கு வர வேண்டும் என்று இப்போதே பேசிவிடு. சீசன் முடிந்த பிறகு பணம் கேட்டு மலையேறுவது ரொம்பக் கஷ்டம்.

பண்ணைக்காட்டு டீச்சர் எழுதியது:

தங்கச்சி, நான் கல்லூரியில் படித்தபோதும் அதற்கு அடுத்தும் நாலு கோடை இந்த வேலை பார்த்தவள். ஊர் பண்ணைக்காடு. இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். நீ கேட்டதைப் படித்ததும் நிறையச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

ராத்திரியைப் பற்றிக் கேள். அதுதான் முக்கியம். பகலில் என்ன செய்வார்கள் என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். கயிறு ஏறுவது, மலையேற்றம், நெருப்பு மூட்டி உட்கார்ந்து பாட்டு. பகலில் வெளிச்சம் இருக்கும், பத்துப் பேர் சுற்றி இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் விளையாட்டு மும்முரம். ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்த பிறகு அந்த அறையில் பெரியவள் என்று இருப்பது நீ ஒருத்திதான். முகாம் நல்லதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும்.

என் இரண்டாவது வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முகாமின் பெயர் வேண்டாம். அதுவும் பூம்பாறைப் பக்கம்தான். பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ராத்திரி ஒரு மணிக்கு வீசிங் வந்துவிட்டது. பையன்கள் அறையைப் பார்த்துக்கொண்ட கவுன்சிலர் தம்பி ஓடிவந்து என் கதவைத் தட்டினான். போய்ப் பார்த்தால் பையன் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுக்கிறான். அவனுடைய இன்ஹேலர் அலுவலக அறையில் இருந்தது. அலுவலகம் பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம். மேனேஜர் கொடைக்கானலில் அவர் வீட்டில். முகாம் ஜீப்பைக் காய்கறி வாங்க வத்தலக்குண்டுக்கு அனுப்பியிருந்தார்கள், டிரைவர் அங்கேயே படுத்துவிட்டார். போன் சிக்னல் வேண்டுமென்றால் மேலே ரோட்டுக்கு ஏற வேண்டும்.

அந்தப் பையனைக் கம்பளியில் சுற்றி நானும் அந்தத் தம்பியும் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். பனி இறங்கி எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் நின்றிருப்போம். கேரட் மூட்டை ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி சந்தைக்குப் போக வந்தது. டிரைவர் அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கிளீனரை இறக்கி மூட்டை மேல் ஏற்றிவிட்டு, எங்களைக் கேபினில் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து அரை மணி நேரத்தில் அவன் முகம் தெளிந்தது. மறுநாள் சாயங்காலம் பந்து விளையாடினான். நான்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதனால் இதையெல்லாம் வாய்விட்டுக் கேள். ராத்திரி வண்டி முகாமிலேயே நிற்குமா, டிரைவர் எங்கே படுப்பார்? மருந்துப் பெட்டி சாவி யாரிடம்? மேனேஜர் அங்கேயே தங்குவாரா? எந்த இடத்தில் நின்றால் எந்தக் கம்பெனி சிக்னல் கிடைக்கும்? கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? கேட்டதும் தடுமாறாமல் பதில் சொல்கிறார்களா என்று கவனி. ராத்திரி இருந்து பழகியவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்.

பதினைந்து பிள்ளைகள் ஒருவருக்கு என்பது அதிகம். அமெரிக்காவில் முகாம்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன். ராத்திரி தங்கும் முகாமில் 6 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர் என்று அவர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த அளவு கிடைக்காமல் போகலாம். ஆனால் பதினைந்து பேர் படுக்கிற அறையில் உன்னோடு இன்னொரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். நீ ஒரு பிள்ளையை டாய்லெட்டுக்குக் கூட்டிப்போனால் மற்ற பதினான்கு பேரை யார் பார்ப்பது? இரண்டு பேர் இருப்பது உனக்கும் பாதுகாப்பு. ஒரு பிள்ளையோடு தனியாக, கதவைச் சாத்திய அறையில் எந்தப் பெரியவரும் இருக்கக் கூடாது. நீயும்தான்.

இதை ஒட்டி இன்னொன்று. வீட்டை விட்டு வந்த இடத்தில், பிடித்துப்போன ஒரு அக்காவிடம் பிள்ளைகள் வீட்டில் சொல்லாததைச் சொல்வார்கள். யாராவது தப்பாகத் தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேட்டுக்கொள், குறுக்குக் கேள்வி கேட்காதே. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் சத்தியம் பண்ணிக்கொடுக்காதே. 2012இல் வந்த போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் போனில் பதிந்து வைத்துக்கொள். முகாமில் யாராவது 'பெயர் கெட்டுவிடும், விடு' என்று சொன்னாலும் விடாதே.

இனி நல்ல ராத்திரிகளையும் சொல்கிறேன். வீட்டு நினைப்பு முதல் நாள் வராது. முதல் நாள் எல்லாமே புதுசு. இரண்டாவது, மூன்றாவது நாள் பொழுது சாயும்போதுதான் வரும். என்னிடம் சென்னையிலிருந்து ஒரு எட்டு வயதுப் பிள்ளை வந்திருந்தாள். அழவில்லை, சாப்பிடவில்லை, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'வீட்டில் இந்த நேரத்துக்கு என்ன செய்வாய்' என்று கேட்டேன். பாட்டி எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டுவிட்டுத்தான் படுக்கவைப்பாராம். சரி, நான் போட்டுவிடுகிறேன் என்றேன். தேங்காய் எண்ணெய் அங்கே மே மாதத்திலும் உறைந்துதான் கிடக்கும். பாட்டிலை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு கதகதப்பாக்கி, கட்டியாக விழுந்ததை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினேன். பாதிச் சடையில் தூங்கிவிட்டாள். மறுநாள் ராத்திரி என் கட்டிலுக்கு முன்னால் பதினொரு பேர் சீப்போடு வரிசையில் நின்றார்கள். அந்தப் பேட்ச் முடிகிற வரை தினமும் பதினொரு தலை. அந்தக் கோடையில்தான் டீச்சர் வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

படுக்கையில் ஒன்னுக்குப் போகிற பிள்ளை எந்தப் பேட்சிலும் ஒன்றிரண்டு இருக்கும், பத்து வயதிலும் இருக்கும். பெற்றோர் எழுதிக்கொடுக்கிற படிவத்தில் அதைக் கேட்டிருக்கிறார்களா என்று பார். நீ படுக்கப்போகும் முன், பத்தரை மணிக்கு, அந்தப் பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போய்விட்டு வா. ஒரு விரிப்பை மெத்தைக்கு அடியிலேயே மடித்து வைத்துவிடு. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மற்றவர்கள் கண் விழிக்கும் முன் மாற்றிவிடு. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு மிச்ச நாள் எல்லாம் நரகம். அங்கே நனைந்த கம்பளி காய இரண்டு நாள் ஆகும், அதனால் கூடுதல் கம்பளி எத்தனை இருக்கிறது என்றும் கேள்.

பேய்க்கதையை யாரும் சொல்ல விடாதே. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும்போது எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும், இரண்டு மணிக்கு ஒவ்வொன்றாக உன் கம்பளிக்குள் வரும். நான் குறிஞ்சிப்பூ கதை சொல்வேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்த மலை நீலமாகும், 2006இல் பூத்தது, இனி 2018, அதற்கப்புறம் 2030, அப்போது உனக்கு என்ன வயசு என்று கணக்குப் போட்டுக்கொண்டே தூங்கு என்பேன். நீ சொல்லும்போது 2030, 2042 என்று சொல்ல வேண்டும்.

காட்டுக்குள் கூட்டிப்போவதாகச் சொன்னால் வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் நீ கூடப் போகாதே. 2018 மார்ச்சில் போடி பக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் மலைக்கு அது தூரமில்லை.

கடைசியாக, பன்னிரண்டு நாளில் ஒரு முழு நாளாவது உனக்கு ஓய்வு உண்டா என்று கேள். இந்த வேலையில் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பிள்ளைகள் மேல் எரிந்து விழத் தோன்றும்.

என்னைக் கேட்டால், ராத்திரிக் கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தால் போ. வராவிட்டால் 15,000 ரூபாயை மறந்துவிட்டு லாங்வுட் சோலைக்குப் போ. அம்மா சொன்னது சரிதான், ஒன்று ஆனால் உன் தலையில்தான் விடியும். வண்டியும் சாவியும் இன்னொரு ஆளும் இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பை நீ தூக்க வேண்டியதில்லை.

குன்னூர் இறக்கம் எழுதியது:

அமெரிக்க முகாம் விஷயம் பற்றி மட்டும் சொல்கிறேன், போன வருடம் நான் அதை முழுதாக விசாரித்தேன். அதற்கு ஜே-1 விசாவில் முகாம் கவுன்சிலர் என்று தனிப் பிரிவு இருக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம். நாமே நேராக ஒரு முகாமில் சேர்ந்துவிட முடியாது, அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். இங்கே யாராவது ஏஜென்ட் என்று சொல்லிப் பணம் கேட்டால், எந்த ஸ்பான்சர் என்று கேட்டு, அந்தப் பெயர் அந்தத் துறையின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

எனக்கு இடித்தது வேறு. அங்கே கோடை என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நமக்குக் கல்லூரி ஜூன் பாதியில் திறந்துவிடும். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டுமே. கடைசி செமஸ்டர் முடித்துவிட்டுப் போனால்தான் சரிப்படும் என்று நான் விட்டுவிட்டேன். பிள்ளைகளோடு வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று எப்படியும் கேட்பார்கள், அதற்கு இந்த மே மாதம் செய்கிற வேலை பிற்பாடு உதவும்.

ஓய்வுபெற்ற நர்ஸ் எழுதியது:

பாப்பா, முப்பது வருடம் மலையில் வேலை பார்த்தேன். டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். இன்ஹேலர் அலுவலகத்தில் இருக்கவே கூடாது. பிள்ளை படுக்கிற அறையிலேயே, உன் தலைமாட்டில் இருக்கட்டும். மே மாதத்தில்கூட ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும். சமவெளியில் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குளிர் காற்றில் வீசிங் கிளம்பும். வந்த முதல் நாளே யார் யாருக்கு அந்தத் தொந்தரவு உண்டு என்று குறித்துக்கொள்.

பெற்றோர் எழுதிக் கொடுக்காத மருந்தை, பாரசிட்டமால் உட்பட, நீயாகக் கொடுக்காதே. கொடுத்ததையெல்லாம் நேரம் போட்டு நோட்டில் எழுது.

மே மாதம் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் முப்பது வரை எண்ண முடியவில்லை என்றால் உடனே கட்டடத்துக்குள் அழைத்துவந்துவிடு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே விட வேண்டும். தனி மரத்தடியில் யாரும் ஒதுங்கக் கூடாது. நனைந்து வந்தால் சட்டையை மட்டும் மாற்றிவிட்டு ஈர சாக்ஸோடு திரிவார்கள், அதைப் பார்த்துக் கழற்றவை. மழைக்குப் பிறகு புல்லில் அட்டை ஏறும். பிடித்து இழுக்காமல் உப்புத் தண்ணீர் விட்டால் விழுந்துவிடும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவு. தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடி எப்படி இருக்கும் என்று முதல் நாளே காட்டிக்கொடு.

காட்டுமாடு சாயங்காலம் கட்டடத்தை ஒட்டி வந்து நிற்கும். உனக்குக் கோத்தகிரியில் அது பழக்கம். நகரத்துப் பிள்ளைக்கு அது சாதுவான பசு மாதிரித் தெரியும், கிட்டே போய் செல்பி எடுக்கப் பார்க்கும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளைகள் தனியாக நடக்கக் கூடாது.

சேருவதற்கு முன் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள். உன் கல்லூரியில் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கும், அங்கே கேள்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சடை போட்ட இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேரட் வண்டி அண்ணன் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

நேற்று முகாமுக்குப் போன் செய்தேன். முதலில் பேசியவர் ராத்திரி வண்டி பற்றிக் கேட்டதும் 'இருக்கும் இருக்கும்' என்றார். டிரைவர் எங்கே படுப்பார் என்றேன். 'கொஞ்சம் இருங்கள்' என்று சொல்லி இன்னொருவரிடம் போனைக் கொடுத்தார். அந்த அம்மாதான் முகாமிலேயே தங்கி நடத்துகிறவராம். அவர் யோசிக்கவே இல்லை. டிரைவர் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் படுப்பார், வண்டி அங்கேயே நிற்கும், மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் பிஎஸ்என்எல் கிடைக்கும் என்றார். நர்ஸ் பகலில் மட்டும்தான். இன்ஹேலரை அறையிலேயே வைக்க ஒத்துக்கொண்டார். பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது பகல் கணக்காம், ராத்திரி ஓர் அறையில் இரண்டு பேர் படுப்பார்களாம். இதை எழுத்தில் கேட்டேன், இன்று காலையில் மின்னஞ்சல் வந்தது. காட்டுக்குள் போவதில்லை, மன்னவனூர் ஏரி வரைதான். மார்க் ஷீட் விஷயத்தில் மட்டும் 'வழக்கம் அப்படி' என்று கொஞ்சம் பிடிவாதம் பிடித்தார். என் துறைத்தலைவர் எண்ணைக் கொடுத்து, அவரிடம் பேசுங்கள் என்றேன். பேசியிருக்கிறார். நகல் போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் முதல் தடவையிலேயே இரண்டு பேட்ச் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மே முதல் பத்து நாள் கோத்தகிரியில் லாங்வுட் சோலை வேலை. அதில் பிள்ளைகளைக் கொஞ்சம் பழகிக்கொள்வேன். மே 17இலிருந்து கொடைக்கானலில் இரண்டாவது பேட்ச் மட்டும், 7,500 ரூபாய். இரண்டும் சேர்த்தால் 11,500 வரும். அப்பா, 'தேயிலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பார்த்துப் போய்வா' என்றார். முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்கா, கோயம்புத்தூரிலிருந்து எந்த வழியாக வருவது நல்லது?

பண்ணைக்காட்டு டீச்சர் எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. உக்கடத்தில் பழனி பஸ் ஏறு, பொள்ளாச்சி, உடுமலை வழி. பழனியிலிருந்து கொடைக்கானல் பஸ் பெருமாள்மலை வழியாக மேலே ஏறும். வத்தலக்குண்டு சுற்றிக்கொண்டு வர வேண்டாம். கொடைக்கானலில் இறங்கி மன்னவனூர் பஸ் பிடிக்க வேண்டும். அது அடிக்கடி கிடையாது, அதனால் இருட்டும் முன் போய்ச் சேருகிற மாதிரி விடியற்காலையிலேயே கிளம்பு. எந்த பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று அந்த அம்மாவிடமே கேள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் கூடாது, உங்கள் மலையிலும் அதே சட்டம்தானே, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வா. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் காருக்கு இ-பாஸ் வேண்டும், உன்னிடம் போன் பண்ணிக் கேட்பார்கள், சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்.

இரண்டு டார்ச், கூடுதலாக நாலு ஜோடி சாக்ஸ், ஒரு வெந்நீர்ப் பை. பெரிய பல் சீப்பு ஒன்று. எண்ணெய் பாட்டில் வாய் அகலமானதாகப் பார்த்து வாங்கு, உறைந்தால் ஸ்பூன் விட்டு எடுக்கலாம்.